வீடு தேடும் சிறுமியைப் பற்றிய நாவல்: எங்கே நிற்கும், எங்கே சறுக்கும்

நாவல் எழுதப்போகும் ஒருவரின் கேள்வி இது. ஒன்பது வயதுச் சிறுமி. சாலை விபத்தில் அப்பா, அம்மா இருவரும் போய்விடுகிறார்கள். சித்தப்பா வீட்டில் கொடுமை. அங்கிருந்து ஓடி ஒரு இல்லத்தில் சேர்கிறாள். கடைசியில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி இல்லத்துக்கு வந்து, வரிசையில் நிற்கும் குழந்தைகளில் இவளைப் பார்த்து மனம் இளகி, அன்றே காரில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இன்றைய தமிழ்நாட்டில் நடக்கிற கதை, முப்பது அத்தியாயம். நம்பும்படி இருக்குமா? அவளுடைய மனத்திடத்தை எப்படிக் காட்டுவது?

கடைசிக் காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம், கதையில் முதலில் விழப்போவது அதுதான். 2015 ஆகஸ்டு முதல் நாடு முழுக்க இல்லத்துக் குழந்தைகளின் தத்தெடுப்பு காரிங்ஸ் என்ற மத்திய இணையதளம் வழியாகத்தான் நடக்கிறது. தம்பதி அதில் பதிவு செய்வார்கள். சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து வருமானம், உடல்நலம், அக்கம்பக்கம், மாமியார் மனநிலை வரை விசாரித்து ஆய்வறிக்கை எழுதுவார். ஆவணங்களைக் கொடுத்த 60 நாளுக்குள் அது முடிய வேண்டும், மூன்று ஆண்டுகள் செல்லும். பிறகு காத்திருப்பு. முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும், குழந்தையைப் பற்றிய அறிக்கையும், மருத்துவ அறிக்கையும் திரையில் வரும். 48 மணி நேரத்துக்குள் ‘எங்களுக்கு’ என்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் நேரில் பார்ப்பது. ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால், பத்து நாளுக்குள் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பொறுப்பில் குழந்தை வீட்டுக்குப் போகலாம். தத்து ஆணை அதற்குப் பிறகு வரும். 2022 செப்டம்பர் 1-க்கு முன் அந்த ஆணையை நீதிமன்றம் கொடுத்தது, அதன் பிறகு மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். நாவலில் ஆண்டைக் குறிப்பிடுவதாக இருந்தால், எந்தக் கட்டடத்தின் படியில் ஏறுகிறார்கள் என்பதை இந்தத் தேதியை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஆக, இல்லத்தில் வரிசையாக நிறுத்திக் கைகாட்டித் தேர்ந்தெடுப்பது இன்று கிடையாது. தேவையும் இல்லை. ஒரு பெண் அலுவலகத்தில் மதிய உணவு இடைவேளையில் கைப்பேசியைத் திறந்து, அதில் முறைக்கிற ஒரு முகத்தைப் பார்த்து, 48 மணி நேரம் தூங்காமல் கிடப்பது அதைவிடப் பெரிய காட்சி. அந்த முகத்துக்குச் சொந்தக்காரிக்கு இது எதுவும் தெரியாது என்பதும் சேர்ந்தால் ஒரு அத்தியாயம் தானாக நிற்கும்.

பழைய மாதிரிதான் வேண்டும் என்றால் காலத்தைப் பின்னால் கொண்டு போங்கள். மெட்ராஸ் குழந்தைகள் சட்டம் 1920-இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கியது 1930-இல். சென்னையின் பால மந்திர் குழந்தைகள் இல்லம் 1949. வெளிநாட்டுத் தத்துக்கு உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்தது 1984-இல், லட்சுமி காந்த் பாண்டே வழக்கில். அதற்கு முந்தைய காலத்தில் கதை நடந்தால் நிர்வாகி மனது வைத்தால் போதும், குழந்தை கார் ஏறிவிடும். ஆனால் 1975-இன் நடைமுறையை எழுதிவிட்டு, பக்கத்திலேயே சிறுமி கையில் ஸ்மார்ட்போனைக் கொடுக்காதீர்கள். இந்தக் கலப்படம் நிறையக் கையெழுத்துப் பிரதிகளில் வருகிறது.

அடுத்து சித்தப்பா. கொடுமைக்காரச் சித்தப்பா, சூடு போடும் சித்தி என்று நேராக வில்லனாக்கினால் பத்துப் பக்கத்தில் தீர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏன் அவளை வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டால் கதை ஊறும். சாலை விபத்தில் இருவரும் இறந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு போடுவார்கள். சிறுமி மைனர் என்பதால் அவள் பெயரில் யாராவது பெரியவர் காப்பாளராக நின்று மனு கொடுக்க வேண்டும். கிடைக்கும் தொகையில் மைனரின் பங்கைத் தேசியமயமான வங்கியில் 18 வயது வரை வைப்புநிதியாகப் போடச் சொல்வது தீர்ப்பாயங்களின் வழக்கம். வட்டியை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்பாளர் எடுத்துக்கொள்ள அனுமதிப்பதும் உண்டு. இப்போது யோசியுங்கள்: அந்த வட்டிக்காக மட்டுமே அவளை வைத்திருக்கிற சித்தப்பாவா, வட்டியைத் தொடாமல் சேர்த்து வைத்துவிட்டு, சோறு போட மட்டும் முகம் சுளிக்கிற சித்தப்பாவா? இரண்டாமவர்தான் நாவலுக்கு உதவுவார்.

இந்து இளவர் (மைனர்) சட்டப்படி இயற்கைக் காப்பாளர்கள் அப்பாவும் அம்மாவும்தான். சித்தப்பாவோ தாத்தாவோ நடைமுறையில் வளர்க்கலாம், ஆனால் நீதிமன்றம் நியமிக்காமல் அவளுடைய சொத்தை விற்க முடியாது. அவள் அப்பாவின் பங்கு அரை ஏக்கர் என்றால் அது முழுநாவலுக்கும் ஒரு முடிச்சு. எதிர்ப்பக்கத்தில் தாய்மாமாவைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். காது குத்தும்போது மடியில் உட்காரவைத்தவர், சீர் செய்ய வேண்டியவர், ‘எங்க அக்கா பிள்ளைய நான் பாத்துக்க மாட்டனா’ என்று எழவு வீட்டில் சத்தமாகச் சொன்னவர், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போனை எடுக்காதவர். சித்தப்பா அடிப்பதைவிட இவர் வராமல் போவதுதான் நம் வாசகருக்குச் சுருக்கென்று தைக்கும்.

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு: மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000-க்குள்ளும், நகரத்தில் 96,000-க்குள்ளும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. இதெல்லாம் இருக்கும்போது ‘இவளுக்குச் சோறு போட எங்களால ஆகாது’ என்று சித்தி சொல்வதாக எழுதினால், விண்ணப்பம் ஏன் போகவில்லை, எந்தச் சான்றிதழ் வரவில்லை என்று ஒரு வரியாவது வேண்டும். இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயருக்கும் ஆதாரில் இருக்கும் பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் என்றாலே ஆறு மாதம் ஓடிவிடும்.

அவள் ஓடுகிறாள். ஓடிய குழந்தை தானாக இல்லத்துக் கதவைத் தட்டிச் சேர முடியாது. பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ காவலர் பார்ப்பார், அல்லது யாராவது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பார்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் அவளை நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர், அதில் ஒருவராவது பெண். மாதம் இருபது நாளாவது கூட வேண்டும். கூடாத நாளில் ஒரு உறுப்பினர் முன்பு நிறுத்தினாலும் போதும். நீதிபதிக்குரிய அதிகாரம் இருக்கிறது, ஆனால் சினிமா கோர்ட் போல எழுதாதீர்கள். கூண்டு கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது. ஒரு சாதாரண அறை, மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி, ஒரு பக்கம் பிஸ்கட் பாக்கெட். ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) பேச்சுக் கொடுப்பார். சமூகப் பணியாளர் சித்தப்பா ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை கொடுக்க 15 நாள். இறுதி ஆணைக்கு நான்கு மாதம்.

இங்கே நீங்கள் எதிர்பார்க்காத திருப்பம் ஒன்று சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. குழு முதலில் பார்ப்பது அவளைத் திரும்பச் சொந்தத்தோடு சேர்க்க முடியுமா என்றுதான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லம் என்பது கடைசி வழி. சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, இனி நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், விசாரணையில் கொடுமை நிரூபணமாகாவிட்டால், அவளைத் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. யாரும் கெட்டவர் இல்லை, எல்லாரும் விதிப்படி நடந்தார்கள், சிறுமி மறுபடி அதே திண்ணைக்கு வந்துவிட்டாள். முப்பது அத்தியாயத்தில் பத்தாவதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டாவது முறை அவள் ஓடமாட்டாள். இந்த முறை என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டிருப்பாள். அவளுடைய மனத்திடத்தை அங்கே காட்டுங்கள்.

இனி நாவலின் உண்மையான கடிகாரம். இல்லத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் தத்துக்குரியவர்கள் இல்லை. பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார், வறுமையால் விட்டுவைத்திருக்கிறார்கள். உங்கள் சிறுமிக்கு இருவரும் இல்லை, ஆனாலும் சொந்தம் இருக்கிறது. ‘எங்களால் வளர்க்க இயலாது’ என்று அவர்கள் தெளிவாகச் சொல்லி, அது பதிவாகி, குழுவில் குறைந்தது மூன்று பேர் சேர்ந்து ‘சட்டப்படி தத்துக்கு உரியவள்’ என்று அறிவித்தால்தான் அவள் பெயர் இணையதளத்தில் ஏறும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இதற்கு நான்கு மாதக் கெடு. அவள் இருக்கும் இல்லம் தத்துக் கொடுக்க அங்கீகாரம் பெற்ற ஒரு சிறப்புத் தத்து நிறுவனத்தோடு இணைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். சித்தப்பா ‘மாட்டேன்’ என்றும் சொல்லவில்லை, ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வருவதும் இல்லை என்றால்? ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு ஒரு பாவாடைத் துணியோடு எட்டிப் பார்த்தால்? கோப்பு அப்படியே நிற்கும். பதிவு செய்யும் தம்பதிகளில் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத்தான். ஒன்பது பத்தாகி, பத்து பதினொன்றாகும்போது வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். பொங்கல் பாவாடை ஒரு அன்பு, அதுவேதான் அவளுக்குப் பூட்டும். உங்கள் கதையின் நடு முடிச்சாக இதைத்தான் வைக்கச் சொல்வேன். வார்டன் பிரம்பைத் தூக்குகிற காட்சிகளை இதற்காகத் தாராளமாக வெட்டலாம்.

தம்பி ஒருவனைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே முடிவெடுங்கள். உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் சேர்க்கத்தான் பார்ப்பார்கள், ஆகவே இருவரையும் ஏற்கும் குடும்பம் வேண்டும், காத்திருப்பு இன்னும் நீளும். உள்நாட்டில் ஆள் கிடைக்காத பெரிய பிள்ளைகளும் உடன்பிறப்புகளும் இத்தாலி, ஸ்பெயின், மால்டா, அமெரிக்கா போன்ற நாடுகளுக்குப் போவது நடக்கிற விஷயம். அது தனி நாவல். இதற்குள் திணிக்காதீர்கள்.

இல்லத்து வாழ்க்கையை எழுதும்போது இரண்டு சறுக்கல்கள் வழக்கம். ஒன்று நரகம், இன்னொன்று ஆசிரமம். நிஜத்தில் பெரும்பாலும் அது கூட்டமும் வரிசையும் சலிப்பும். படுக்கும் கூடத்தில் ஒரு பிள்ளைக்கு 40 சதுர அடி என்பது மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்லும் அளவு. பாய், டிரங்குப் பெட்டி, அதன் சாவி கழுத்துக் கயிற்றில். விடியற்காலை ஐந்தரைக்கு மணி. குளியலறை வரிசையில் பெரிய பெண்கள் முன்னால். ஞாயிற்றுக்கிழமை பேன் பார்ப்பது. துணியில் மார்க்கர் பேனாவால் எண். அரசுப் பள்ளிக்கு ஒரே கூட்டமாக நடந்து போவது, வகுப்பில் ‘ஹோம் பிள்ளைங்க’ என்று தனியாகத் தெரிவது. ஊழியர்கள் அடிக்கடி மாறுவார்கள். இன்று ‘அக்கா’ என்று ஒட்டிக்கொண்ட ஆள் அடுத்த மாதம் இருக்கமாட்டார். அடியைவிட இதுதான் பிள்ளைகளைக் கல்லாக்குகிறது.

பசி என்று எழுதுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பிறந்தநாள், திருமணநாள், திதி என்று வருகிறவர்கள் போடும் சாப்பாட்டில் பல இல்லங்களில் ஞாயிறுதோறும் பிரியாணியும் கேக்கும் இருக்கும். தெரியாத ஒருவரின் மகனுக்குப் பாட்டுப் பாடி, கைதட்டி, வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட வேண்டும். அவள் பிறந்தநாள் எப்போது என்று கேட்க ஆள் இருக்காது, அல்லது பதிவேட்டில் உத்தேசமாக ஒரு தேதி இருக்கும். படம் எடுத்து வலைத்தளத்தில் போடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வந்தவர் மொபைலைத் தூக்க, கண்காணிப்பாளர் எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு மறுக்கிறார், அல்லது மறுக்க முடியாமல் தவிக்கிறார் என்பது நல்ல காட்சி. அரிசி மூட்டை அவர் கொண்டுவந்தது அல்லவா.

ஒன்பது வயதில் தொடங்கி மூன்று நான்கு ஆண்டு ஓடும் கதையில் அவள் வயதுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ஆண் எழுத்தாளர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பச்சை ஓலையும் மாமன் சீரும் இல்லாத இடத்தில் ஒரு நாப்கின் பாக்கெட்டும், ‘விளையாடப் போகாதே’ என்ற ஒரு வரியும், பெரிய பெண்கள் ரகசியமாகச் செய்து தரும் உளுந்தங்களியும். தாய்மாமாவுக்குத் தகவல் சொல்வதா வேண்டாமா என்று இல்லத்துக்குள் ஒரு சின்ன விவாதம் நடக்கலாம். அவர் வந்தால் என்ன ஆகும், வராவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள்.

மனத்திடத்தை எப்படிக் காட்டுவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். தத்துவம் பேசவைக்காதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் அது வேறு உருவத்தில் இருக்கும்: தலையணை உறைக்குள் பிஸ்கட்டைப் பதுக்குவது, பெரியவர்களின் காலடிச் சத்தத்தை வைத்து அவர்கள் மனநிலையைக் கணிப்பது, யார் வந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வது, சரளமாகப் பொய் சொல்வது, பொருளை உடைத்துவிட்டு முந்திக்கொண்டு தானே சொல்வது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் பாதி கெட்ட பழக்கம். அவளுக்கு அது பிழைக்கும் வழி. வாசகருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும், அதற்கு அவள் பக்கத்திலேயே நிற்கும் படர்க்கை நடை தோதானது. அவளே ‘நான்’ என்று சொல்லும் நடையில் மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஒன்பது வயது வாயில் நாற்பது வயது ஞானம் வந்துவிடும். திருத்தும்போது ஒவ்வொரு பத்தியிலும் அந்த வயதுக் கண்ணுக்குப் படாத வரியை அடித்துவிடுங்கள். பேச்சு வழக்கையும் கவனியுங்கள். திருநெல்வேலிப் பிள்ளை சென்னை இல்லத்தில் ஆறு மாதம் இருந்தால் ‘ஏல’ போய்விடும், கோபத்தில் மட்டும் திரும்ப வரும்.

முடிவுக்கு யார் யார் வரலாம்? எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 110-ஐத் தாண்டக்கூடாது, தனியாள் என்றால் 55. குழந்தைக்கும் அவர்களில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம். இரண்டு ஆண்டாவது நிலையான மணவாழ்க்கை. தனி ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுக்க இளைஞர் நீதிச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே மணமாகாத கணக்கு வாத்தியார் அவளை மகளாக்கும் முடிவும், 62 வயது ஓய்வுபெற்ற டீச்சரம்மா முடிவும் விழுந்துவிடும். நோட்டரி கையெழுத்தோடு முத்திரைத்தாளில் சித்தப்பா அவளை ஒருவருக்கு ‘எழுதிக் கொடுக்கும்’ முடிவு தத்து ஆகாது. நடைமுறையை மீறிக் குழந்தையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்றாண்டு வரை சிறை, காசு கைமாறினால் ஐந்தாண்டு வரை. 1956-ஆம் ஆண்டு இந்து தத்துச் சட்டம் தனி வழி. அதிலும் 15 வயதுக்குட்பட்டிருக்க வேண்டும், அப்பா அம்மா இல்லாதபோது காப்பாளர் கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். மெல்லிய முடிவு பிடிக்குமென்றால் வளர்ப்புப் பராமரிப்பைப் பாருங்கள்: குழு ஆணையில் ஒரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர்வது. 2024 வழிகாட்டுதலின்படி இரண்டு ஆண்டு அங்கே வளர்ந்த பிறகு அதே குடும்பம் தத்துக்கு விண்ணப்பிக்கலாம். ‘தற்காலிகம்’ என்று சொல்லித்தான் அவளை அனுப்புவார்கள், அதனால் அவள் பெட்டியைப் பிரிக்கமாட்டாள்.

கார் ஏறுவதோடு முடிக்காதீர்கள். முப்பதில் கடைசி எட்டு அத்தியாயமாவது புது வீட்டுக்குக் கொடுங்கள். முதல் சில வாரம் அவள் வாய் திறக்காத நல்ல பிள்ளை. தட்டைக் கழுவி வைப்பாள், கேட்காமல் எதையும் தொடமாட்டாள், புது அம்மா ‘எவ்வளவு சமத்து’ என்று ஊரெல்லாம் சொல்வார். அப்புறம் சோதனை தொடங்கும். திருடுவாள், படுக்கையை நனைப்பாள், ‘நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல’ என்பாள். இவர்கள் எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். திருப்பி அனுப்புவது நடக்கவும் செய்கிறது. ஆணைக்கு முன்பும் பின்பும் தத்து முறிவதற்கு விதிகளில் தனித்தனி ஏற்பாடே இருக்கிறது, பெரிய பிள்ளைகளிடம் அந்த ஆபத்து கூடுதல். பெற்றோருக்கு யாரும் சொல்லித்தராததுதான் முக்கியக் காரணம். ஆணைக்கு முன் குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்பதால் ஆட்சியர் அலுவலகத்தில் அவளிடம் ஒரு கேள்வி வரும். அதற்கு அவள் உடனே ‘ஆமா’ என்று சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் நாவலுக்கு இல்லை. அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். அந்த நான்கு வருகைகளையும் அத்தியாயத் தலைப்புகளாகவே வைக்கலாம். ஒவ்வொரு முறையும் கதவைத் திறப்பது யார், காபி கொண்டுவருவது யார், அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று மட்டும் மாற்றினால் போதும்.

தகவல் சேகரிக்க இல்லத்துக்குப் போக விரும்பினால் முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைத்தாலும் பிள்ளைகளிடம் ‘உங்க அப்பா அம்மா எப்படி இறந்தாங்க’ என்று ஆரம்பிக்க வேண்டாம். இல்லத்தில் வளர்ந்து இப்போது வேலையில் இருக்கும் பெரியவர்கள், ஓய்வுபெற்ற வார்டன்கள், நலக் குழுவில் முன்பு இருந்தவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்களிடம் நிகழ்ச்சிகளைவிட நேர அட்டவணையையும், சாவி யாரிடம் இருந்தது, தீபாவளித் துணி எந்த மாதம் வந்தது, பதினெட்டு முடிந்த அன்று கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.